ஒன்று புள்ளி நான்கு விநாடி

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றும் காற்று. ஆடி மாதத்தில் இந்த வட்டாரத்தில் காற்றைத் திட்டுகிற ஒரே ஜீவன் நான்தான். சுற்றி நிற்கிற காற்றாலைக்காரர்களுக்கெல்லாம் இது அறுவடைக் காலம். எங்களுக்கு வேலை நின்றுவிட்டது, அதனால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இந்த நோட்டை வாங்கினேன். எங்கள் வண்டி பறக்கும்போது தன்னைப் பற்றி நொடிக்கு நானூறு தடவை எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்கு மூளை எழுதுகிற நான் நாளைக்கு ஒரு தடவையாவது எழுதலாம்.

வண்டி என்று நாங்கள் சொல்வது ட்ரோனை. கம்பெனி கோயம்புத்தூரில். சோதனை மட்டும் இங்கே, மூடிப்போன நூற்பாலைக்குப் பின்னால் இருக்கிற கரிசல் பொட்டலில். நிரந்தரமாக இருப்பது நானும் பைலட் சவரிமுத்து அண்ணனும்தான். டெக்னீசியன்கள் வாரத்துக்கு இரண்டு பேராக மாறி மாறி வருவார்கள், வந்ததும் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு ஆடுகளோடு மாடத்தி வருகிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இன்று வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஏ தாயி, இது தும்பியா, கொக்கா? தும்பி கணக்கா குத்துக்க ஏறுது, பொறவு கொக்கு கணக்கா படுத்துப் போவுது.”

நான் எத்தனையோ பேருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். யாரும் இவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை. நான்கு மோட்டார் அதை நேராக மேலே தூக்கும். உயரம் போனதும் பின்மோட்டார் முன்னால் தள்ளும். போதுமான வேகம் வந்துவிட்டால் இறக்கை பாரத்தை வாங்கிக்கொள்ளும், நான்கு மோட்டாரும் நின்றுவிடும். தும்பி கொக்காக மாறுகிற அந்தச் சில விநாடிகளுக்குத்தான் என் சம்பளம். எப்போது மோட்டாரை நிறுத்தலாம் என்று முடிவெடுக்கிற நிரலை எழுதியவள் நான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மானம் போனது. மலைக்கிராமங்களுக்குப் பாம்புக்கடி மருந்து கொண்டுபோக வண்டி வாங்கலாமா என்று பார்க்க மூன்று பேர் வந்திருந்தார்கள். வண்டி மேலே ஏறியது, நின்றது, மாற மாட்டேன் என்றது. மூன்று தடவை. அவர்கள் இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். வேகத்தை அறிய வண்டியின் மூக்கில் பேனா ரீஃபில் அளவுக்கு ஒரு குழாய் இருக்கிறது. எதிர்க்காற்று அதற்குள் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வைத்து வேகம் தெரியும். எங்களுக்கு அது மூக்கு. மூக்கு பொய் சொன்னால் என்ன செய்வது என்று நான் ஒரு காவல் வரி எழுதியிருந்தேன். மூக்கு சொல்லும் வேகமும் செயற்கைக்கோள் சொல்லும் வேகமும் ரொம்ப வேறுபட்டால் மாறாதே என்று அதற்கு உத்தரவு. ஆடிக் காற்றில் வண்டி சும்மா நின்றாலும் மூக்கில் காற்று மோதிக்கொண்டே இருக்கிறது. வேறுபாடு வரத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நவநீதன் சார் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். கம்பெனி அவருடையது. கோபப்படுகிற மனிதர் இல்லை, அதுதான் தொல்லை. “அந்த வரிய இப்போதைக்கு எடுத்துப்போடுங்க வடிவு. காத்து நின்னதும் திரும்பப் போட்டுக்கலாங்க” என்றார், தயிரில் உப்பு குறைகிறது என்று சொல்வதுபோல.

எடுக்கவில்லை. வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன், அப்படிப் போட்டால் வண்டி அந்த வரியைப் படிக்காது, அது தூங்கிவிடும். “காவல் வரியை எழுப்பு” என்று மஞ்சள் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாலையில் பறக்கவிட்டோம், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மாறியது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மஞ்சள் சீட்டு விழுந்து, யாரோ பெருக்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சவரி அண்ணன் வேம்பாற்றுக்காரர். விமானப்படையில் பதினைந்து வருடம் பழுது பார்த்துவிட்டு வந்தவர். வாய் திறந்து சிரிக்க மாட்டார், மீசை மட்டும் கொஞ்சம் அசையும். ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டால் வலது கட்டைவிரல் ஒரு சின்ன சுவிட்சின் மேலேயே இருக்கும். வண்டி தடுமாறினால் அந்தச் சுவிட்சைத் தட்டுவார். நான்கு மோட்டாரும் உயிர் பெற்று வண்டி மறுபடி தும்பியாகிவிடும். மூன்று வருடத்தில் ஆறு தடவை என் தப்பை அவர் கட்டைவிரல் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு ஒரு நாள் கோவில் கட்டுவேன் என்று நான் கேலி செய்வதுண்டு. சொரூபம் வைத்தால் போதும் என்பார்.

ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் செக்லிஸ்டில் பதினாலாவது வேலை மூக்கை ஊதிப் பார்ப்பது. குழாய்க்கு எதிரே மெல்ல ஊதினால் திரையில் எண் எகிற வேண்டும். பைலட் ஊத வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிற விதி. அவர் கை வேலையாக இருக்கும்போது நானும் ஊதியிருக்கிறேன்.

மாடத்தியிடம் இன்று பேசி முடித்தேன். சிவப்புக் கொடி ஏறினால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம், ஒற்றை வேலமரத்துக்குப் போய்விட வேண்டும். எந்த இடம் என்று நானே கூட நடந்துபோய்க் காட்டினேன். அவள் மகள் செல்வக்கனி சிவகாசியில் நர்ஸ் படிப்பு படிக்கிறாளாம். “அவளுக்கு ஊசி போடப் படிக்கதுக்கு எங் கையத்தான் குடுக்கேன்” என்று முழங்கையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள். நாலைந்து புள்ளி இருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

நல்ல நாள். புது வண்டி வந்துவிட்டது, பதினேழு கிலோ, முந்தையதைவிட அழகி. நாளை விஜயதசமி, முதல் பறத்தல். திங்கட்கிழமை அந்தப் பாம்புக்கடி மருந்துக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை விட்டால் கம்பெனிக்குக் கதவு மூடவேண்டியதுதான் என்று நவநீதன் சார் அதே தயிர்க் குரலில் சொல்லிவிட்டார்.

மத்தியானமே செக்லிஸ்ட் முழுவதும் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பூசை ஆரம்பித்தால் கையெல்லாம் குங்குமம் ஆகிவிடும். பிறகு லேப்டாப், பேட்டரிப் பெட்டி, ஸ்பேனர், ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தோம். டெக்னீசியன் பையன்கள் மல்டிமீட்டருக்குக்கூட வைத்தார்கள். புது வண்டிக்கு நான்தான் வைத்தேன். இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று. பாக்கெட் சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்திருந்தேன், விரல் நகத்தில் இன்னும் மஞ்சள் இருக்கிறது.

சவரி அண்ணன் வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். பூசை முடிகிற வரைக்கும் ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொரி கொடுக்கும்போது மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பார். மாடத்திக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 12, சனி

விபத்து. வண்டி விழுந்துவிட்டது. வேலமரத்தடியில் மாடத்திக்குத் தலையிலும் தோளிலும் அடி. நான்தான் முதலில் ஓடினேன். ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஆடு செத்தது. ஏன் என்று தெரியவில்லை. காற்றுகூட இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மாடத்திக்கு நினைவு திரும்பவில்லை. வராந்தாவில் செல்வக்கனி நின்றாள், சிவகாசியிலிருந்து சீருடையோடு வந்திருந்தாள். உள்ளே போய்வருகிற நர்ஸ்களின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரி அண்ணனைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். ரிமோட் அவர் கையில் இருந்தது, அதனால் வழக்கும் அவர் பெயரில்.

அறைக்கு வந்து துப்பட்டாவை ஊற வைத்தேன். ரத்தம் போய்விட்டது. மஞ்சள் போகவில்லை. ஹேர்பின்னை ஜன்னல் வழியாக எறிந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வண்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன்.

நேராக ஏறுகிற வண்டிக்கு முன்னோக்கிய வேகம் இருக்கக் கூடாது. காற்று இல்லாத நாளில் மூக்கு பூச்சியம் காட்ட வேண்டும். பத்து மீட்டர் ஏறியதும் மூக்கு பதினாலு காட்டுகிறது. இருபது மீட்டரில் இருபது. நாற்பது மீட்டர் உயரத்தில் அசையாமல் நின்றபோது விநாடிக்கு இருபத்தெட்டு மீட்டர் வேகத்தில் பறப்பதாகச் சொல்கிறது. பதினேழு வந்தாலே மோட்டாரை நிறுத்தலாம் என்று நான் எழுதியிருக்கிறேன். அண்ணன் மாறச் சொன்னார். வேகம் இருக்கிறதே என்று வண்டி நான்கு மோட்டாரையும் அந்தக் கணமே நிறுத்திவிட்டது. அது நின்றுகொண்டிருந்தது. கல்லாக விழுந்தது. ஒன்று புள்ளி நான்கு விநாடியில் அண்ணனின் கட்டைவிரல் சுவிட்சைத் தட்டியிருக்கிறது. மோட்டார்கள் உயிர் பெற்றன, ஆனால் வண்டி மேற்கே சரிந்துகொண்டே போய் வேலமரத்தில் இறங்கியது.

ஏறுகிற உயரத்தோடு சேர்ந்தே மூக்கின் எண்ணும் ஏறியிருக்கிறது. இந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கம்பெனியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

காவல் வரி விழித்திருந்தால் மாறவே விட்டிருக்காது. அதைத் தூங்கவைக்கச் சொன்னது நவநீதன் சார். நான் அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நவநீதன் சார் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழம் வைத்துவிட்டு, பொட்டலில் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு என்ன காரணம் என்று கேட்டார். சென்சார் குழப்பம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றேன். மூக்கு உடைந்து சிதறிவிட்டதா என்றார். ஆமாம் என்றேன். உடையவில்லை. என் அலமாரியில் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது.

காவல் வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனோம், நடுவழியில் படுத்திருக்கிற நாயைச் சுற்றுவதுபோல. கடைசியில், விசாரணைக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய அறிக்கை இப்படி முடிந்தது. பறப்பதற்கு முன் செய்ய வேண்டிய பதினாலாவது சோதனையைப் பைலட் செய்யவில்லை. பைலட் ஒரு விநாடிக்குள் சுவிட்சைத் தட்டியிருந்தால் வண்டி தப்பியிருக்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் தட்டச்சு செய்தது நான்.

அக்டோபர் 21, திங்கள்

காலை ஏழரை மணிக்கு மாடத்தி இறந்துவிட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆடுகளை அவள் கொழுந்தன் ஓட்டிப் போனான். இருபது.

அக்டோபர் 26, சனி

சவரி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். லைசென்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முன்ஜாமீன் வாங்கியாயிற்று. அவர் மனைவி காப்பி கொடுத்தார்கள், என்னைப் பார்த்ததும் அழுதார்கள். அவர்கள் வீட்டுக்கு இதுவரை தைரியம் சொல்ல வந்தது நான் ஒருத்திதானாம். காப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் மேசைமேல் பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்று இருந்தது. மகளை அதை உயரப் பிடித்துத் திடீரென்று விடச் சொல்கிறார். கீழே இவர் விரலை விரித்து வைத்துப் பிடிக்கிறார். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தார் என்பதை வைத்து விநாடி கணக்குப் போட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறார். பதினாறு சென்டிமீட்டர். பதினெட்டு. தினமும் நூறு தடவை. கை வலிக்கிறது என்று மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

“பாருங்கம்மா, புள்ளி ரெண்டுக்குள்ள புடிச்சிருதேன்” என்றார். “அன்னைக்கு மட்டும் ஒண்ணு புள்ளி நாலு ஆயிருக்கு. எங் கை ஏன் தூங்குச்சி?”

ஸ்கேல் விழப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பது வேறு, நன்றாக இருக்கிற ஒன்று செத்துவிட்டது என்று புரிந்துகொள்வது வேறு. புரிந்துகொள்ளவே ஒரு விநாடி ஆகும். இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் செத்தது என்று அடுத்து கேட்பார். வெயில் அதிகம், கண் கூசியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டிக்கொண்டார், அதை நம்பினார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வெடிச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

நவம்பர் 2, சனி

சிமுலேட்டரை ஓடவிட்டேன். எப்போது மோட்டார் நிற்கும் என்று எனக்கே தெரியாதபடி அமைத்துக்கொண்டு, சுவிட்சைக் கையில் பிடித்து உட்கார்ந்தேன். ஒன்பது தடவை. வண்டி விழும் என்று தெரிந்தே உட்கார்ந்தும் என் சிறந்த நேரம் ஒன்று புள்ளி ஆறு. ஒரு விநாடிக்குள் யாரும் தட்டியிருக்க முடியாது. அறிக்கையில் அந்த ஒரு விநாடியைப் போட்டது நான்.

நவம்பர் 3, ஞாயிறு

செல்வக்கனி வந்தாள். இங்கே யாரும் இல்லாத நேரம், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஒரு பித்தளைத் தூக்குப்போணியை நீட்டினாள். அவள் அம்மாவுக்குப் பொரி கொடுத்தனுப்பியது அதில்தான். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

முதல் பறத்தலைப் படம் பிடிக்க நவநீதன் சார் ஒரு கேமராவை ஸ்டாண்டில் வைத்திருந்தார். அந்த வீடியோவைப் போலீஸ் அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது.

“எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்காவ. நீங்க ஒராளுதான் ஓடுதிய” என்றாள். “எங்கம்மாவப் பாத்து மொத மொத ஓடுனது நீங்கதான்க்கா. அத நாஞ் சாவுறமுட்டும் மறக்க மாட்டேன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்குப்போணியை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள்.

நவம்பர் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

விஜயதசமி அன்று காலையில் புது வண்டியை ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்த சந்தனத்தோடு பறந்தால் வீடியோவில் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இறக்கையைத் துடைத்தேன், வாலைத் துடைத்தேன், மூக்கை இரண்டு விரலால் துணி சுற்றித் திருகித் துடைத்தேன். வெளியே ஒரு துளி மஞ்சள் இல்லை. முந்தின நாளே குழாய்க்குள் போய்க் காய்ந்திருந்தது, நான் திருகியதில் இன்னும் உள்ளே போயிருக்கும். அடைபட்ட குழாய்க்குள் தரையின் அழுத்தம் மாட்டிக்கொண்டது. வண்டி ஏற ஏற வெளியே அழுத்தம் குறைந்தது, அந்த வித்தியாசத்தை வண்டி வேகம் என்று எடுத்துக்கொண்டது. இதெல்லாம் பதிவைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அண்ணன் பூசையைப் பார்க்கவில்லை. அவர் வந்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “மூக்க ஊதிப் பாத்தாச்சாம்மா?” என்று கேட்டார். “ஆச்சுண்ணே” என்றேன். முந்தின நாள் மத்தியானம் ஊதினேன், பூசைக்கு முன்னால். பொய் இல்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. பதினாலாவது சோதனைக்கு அரை நிமிடம் ஆகும்.

விழுந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். மாடத்தியைப் பார்த்து ஓடவில்லை. வேலமரத்தடியில் அவள் மல்லாந்து கிடந்தாள், அவளிடமிருந்து இரண்டு எட்டில் வண்டியின் மூக்கு மண்ணில் குத்தி நின்றது. நான் மூக்கிடம்தான் உட்கார்ந்தேன். ஹேர்பின்னால் குழாயைத் தோண்டினேன், துப்பட்டாவில் துடைத்தேன். அதற்கு எத்தனை விநாடி ஆனது என்று எந்தப் பதிவிலும் இல்லை. அவள் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள். “தாயி” என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் பக்கம் திரும்பினேன்.

கேமரா பின்னாலிருந்து பிடித்ததால் என் முதுகு மட்டும் தெரிகிறது.

ஒற்றை வேலமரத்தடியில் நில் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றாள். அன்றைக்கு அந்தப் பொட்டலில் விதிப்படி நடந்துகொண்டவள் அவள் ஒருத்தி.

நவம்பர் 6, புதன்

நவநீதன் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இதனால் போன உயிர் திரும்ப வராதுங்க, இங்கே நாற்பது குடும்பம் சாப்பிடுகிறதுங்க, நல்லா யோசிச்சுப் பண்ணுங்க என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். அப்படியானால் காவல் வரியைத் தூங்கவைத்தது உங்கள் கைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார். அதிலும் கோபம் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி. பயணியர் மாளிகை வராந்தா

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். பத்தரைக்கு அண்ணனைக் கூப்பிடுவார்கள், அடுத்து என்னை. என் பையில் மூக்கும் துப்பட்டாவும் இருக்கின்றன. இந்த நோட்டையும் உள்ளே கொடுத்துவிடப் போகிறேன். அக்டோபர் 12-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. யார் படித்தாலும் அதையும் படிக்கட்டும். செல்வக்கனிக்கு நேரில் சொல்ல நாளைக்கு சிவகாசி பஸ். அவள் கை என் முகத்தில் விழுந்தாலும் சரி.

அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டேன். “மூக்க ஊத வேண்டியது பைலட்டு. ஒங்ககிட்ட கேட்டதே எந் தப்பு. அதத்தான் சொல்லப்போறேன்” என்றார். அந்த ஒன்று புள்ளி நான்கு விநாடிக்கு மட்டும் தன்னிடம் பதில் இல்லை என்றார்.

அப்போது சொன்னேன். சந்தனம், ஈரத்துணி, முந்தின நாள் ஊதியது, ஹேர்பின், அறிக்கையில் நான் எழுதிய ஒரு விநாடி, சிமுலேட்டரில் என் கைக்கு வந்த ஒன்று புள்ளி ஆறு. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்தார், டீ டம்ளரைச் சுவரோரம் வைத்தார், வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அடிப்பார், திட்டுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டார். வலது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பம், எங் கை சரியாத்தான் இருந்துருக்கு?”

சரியாகத்தான் இருந்தது என்றேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு இருபத்தேழு நாள் ஆகியிருக்கிறது.